தண்டவாளத்தின் கீழ் ஒரு கேமரா: நியூயார்க்கின் தெற்காசியத் தெருப் படங்களை எப்படிப் படிப்பது?

2025 நவம்பரில் ஸோரான் மம்தானி நியூயார்க் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அந்த ஊரின் தெருப் படங்கள் நம் செய்தித்தளங்களிலும் வாட்ஸ்அப்பிலும் நிறைய வந்தன. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில், கீழே நகைக்கடை, வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை, மோமோ வண்டி, மஞ்சள் டாக்ஸி பக்கத்தில் தலைப்பாகை கட்டிய ஒருவர். பார்த்த பலருக்கும் எழுந்த கேள்விகள் இரண்டு. அமெரிக்காவுக்குள் இப்படி ஒரு தெரு எப்படி வந்தது? முன்பின் தெரியாதவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டலாமா?

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இரண்டையும் தோண்டிக்கொண்டே போனால் ஒரே இடத்தில்தான் போய் நிற்போம்: அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். அந்தத் தெருவை உண்டாக்கியதும் அதுதான். அங்கே நிற்கும் ஒருவர் கேமராவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் காரணமும் பெரும்பாலும் அதுதான். புகைப்படம் பற்றிய சட்டமோ இதைக் கண்டுகொள்வதே இல்லை. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் இருக்கும் ஜாக்சன் ஹைட்ஸை எடுத்துக்காட்டாக வைத்து இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் சொற்கள்

வெளியில் எடுக்கப்படும் மனிதர் படங்களை எல்லாம் "தெருப் படம்" என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். தொழிலில் இருப்பவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள்.

1. தெருப் புகைப்படம்: பொது இடத்தில், ஏற்பாடு எதுவும் இல்லாமல், நடப்பதை நடந்தபடி பிடிப்பது. படத்தில் இருப்பவருக்குப் படம் எடுக்கப்பட்டதே தெரியாமல் இருக்கலாம்.

2. ஆவணப் புகைப்படம்: ஒரு சமூகத்தோடு மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் பழகி எடுப்பது. வீட்டுக்குள்ளும் போகும். பெரும்பாலும் சம்மதத்தோடு நடக்கும்.

3. செய்திப் புகைப்படம்: ஒரு நிகழ்வுக்குச் சாட்சி. யார், எங்கே, எப்போது என்பதைப் படக்குறிப்பில் சொல்லியே ஆக வேண்டும்.

முதல் வகையில்தான் படக்குறிப்பு மிகக் குறைவு. ஊர் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கும்; சில சமயம் அதுவும் இருக்காது. குழப்பம் தொடங்குவது இங்கேதான். சூழல் தெரியாத கண்ணுக்கு, புடவை கட்டிய பெண் எந்த ஆண்டிலும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் "இந்தியப் பெண்" ஆகிவிடுகிறார்.

சட்டங்கள் கட்டிய தெரு

ஜாக்சன் ஹைட்ஸ் தெற்காசியர்களுக்காகக் கட்டப்பட்ட பகுதி இல்லை. குயின்ஸ்போரோ கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், நடுவில் தோட்டம் வைத்த அடுக்குமாடி வீடுகளை வெள்ளை நடுத்தர வர்க்கத்துக்காகக் கட்டி விற்ற இடம் அது. யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் அங்கே இடம் கொடுக்கப்படவில்லை. 1917-ல் உயர்த்தப்பட்ட பாதையில் ரயில் வந்தது. இன்று 7-ம் எண் ரயில் என்று அழைக்கப்படும் அதுதான் எல்லாப் படங்களிலும் மேலே தெரிகிறது.

விந்தை என்னவென்றால், ரயில் வந்த அதே 1917-ல்தான் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வருவதையே தடுக்கும் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றியது. அதன்பின் நடந்தவை:

1. 1923: பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். "வெள்ளையர்" என்ற சொல்லின் பொருளில் அவர் அடங்க மாட்டார் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவருக்குக் குடியுரிமையை மறுத்தது.

2. 1946: லூஸ்–செல்லர் சட்டம். இந்தியர்கள் குடியுரிமை பெறலாம். ஆனால் ஆண்டுக்கு வரக்கூடியவர்கள் 100 பேர்தான்.

3. 1965: ஹார்ட்–செல்லர் சட்டம். பிறந்த நாட்டை வைத்துப் பங்கு பிரிக்கும் பழைய முறை ஒழிந்தது. தொழில் திறனுக்கும் குடும்ப உறவுக்கும் முன்னுரிமை வந்தது. மருத்துவர்கள், பொறியாளர்கள் முதலில் வந்தார்கள்; அவர்கள் வழியாக அண்ணன், தம்பி, அக்கா, அவர்கள் குடும்பங்கள்.

4. 1990: குறைவாகக் குடியேறிய நாடுகளுக்கான குலுக்கல் விசா. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பலருக்கு அமெரிக்கக் கதவு இந்த வழியில்தான் திறந்தது.

இந்த நான்கும் தெருவில் எப்படித் தெரிகின்றன? 1970-களில் ஜாக்சன் ஹைட்ஸின் 74-வது தெருவுக்கு இந்தியர்களை இழுத்தது புடவையோ மசாலாவோ இல்லை, மின்சாரம். அமெரிக்க வீடுகளில் ஓடுவது 120 வோல்ட். நம் ஊரில் 220-க்கு மேல். ஊருக்குப் போகும்போது கொண்டுபோகும் டேப் ரெக்கார்டரும் வி.சி.ஆரும் மிக்ஸியும் நம் ஊர் மின்சாரத்துக்கு ஒத்துவர வேண்டும். அந்தச் சாமான்களை விற்கும் கடை இந்தத் தெருவில் திறந்தது. நியூஜெர்சியிலிருந்தும் கனெக்டிகட்டிலிருந்தும் குடும்பங்கள் காரில் வந்து வாங்கின. வந்தவர்களுக்குப் பசித்தது, உணவகம் வந்தது. ஊரில் கல்யாணம், நகைக்கடை வந்தது. 1974-ல் சிகாகோவின் டெவான் அவென்யூவில் தொடங்கிய படேல் பிரதர்ஸ் மளிகைக் கடையும் பின்னர் இங்கே கிளை போட்டது. ஆக, 74-வது தெரு முதலில் குடியிருப்பாக இல்லாமல் சந்தையாகவே வளர்ந்தது. பழைய படங்களில் வெளிமாநில நம்பர் பிளேட் கார்கள் வரிசையாக நின்றால், அதற்கு இதுதான் காரணம்.

பிறகு ஆட்கள் மாறினார்கள். கையில் காசு சேர்ந்த இந்தியக் குடும்பங்கள் லாங் ஐலண்டுக்கும் நியூஜெர்சியின் எடிசனுக்கும் நகர்ந்தன. இந்திப் படம் ஓட்டிக்கொண்டிருந்த ஈகிள் தியேட்டர் 2009-ல் மூடப்பட்டது. வங்கதேசத்தவர், நேபாளிகள், திபெத்தியர்கள் வந்தார்கள். 2004-ல் 74-வது தெருவுக்கு விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் பெயர் கூடுதலாகச் சூட்டப்பட்டது. 2023-ல் பக்கத்துத் தெருவான 73-வது தெருவுக்கு "பங்களாதேஷ் தெரு" என்ற பெயர் கிடைத்தது. ஒரே சதுரத்தின் இரண்டு பக்கங்கள். நடுவில் 19 ஆண்டுகள். இந்த இரண்டு பெயர்ப்பலகைகளே ஒரு குடியேற்ற வரலாறு. ஆகவே 2015-ல் எடுத்த படத்துக்கு "லிட்டில் இந்தியா" என்று குறிப்பு எழுதினால், படத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு அது பொருந்தாமல் போகும் வாய்ப்பே அதிகம்.

அந்த வெளிச்சம்

தொழில்நுட்ப விஷயம் ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தப் படங்களின் அழகுக்கும் அநியாயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

74-வது தெருவைச் சந்திக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூ முழுக்க ரயில் பாதையின் நிழலில் கிடக்கிறது. தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே வெயில் கீற்றுக் கீற்றாக இறங்கி, தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே விழுவது போலத் தரையில் கோடு போடும். ஒரு முகம் ஒரு அடி எடுத்து வைத்தால் இருட்டிலிருந்து கண் கூசும் வெளிச்சத்துக்கு வரும். அடுத்த அடியில் மறுபடி இருட்டு. புகைப்படக்காரர்கள் இங்கே குவிவது இந்தக் கோடுகளுக்காகத்தான்.

கேமராவின் ஒளிமானி, காட்சியில் இருப்பது எல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும். ஃப்ரேமில் வெயில் கீற்றுகளும் நகைக்கடைக் கண்ணாடியின் டியூப் லைட் வெளிச்சமும் நிறைந்திருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவெடுத்து எல்லாவற்றையும் இறக்கிவிடும். அப்போது முதலில் பலியாவது நிழலில் நிற்கும் மாநிற, கறுத்த முகம். கண் தெரியாது, பாவனை தெரியாது. வெறும் உருவக் கோடு மிஞ்சும். தெரிந்து எடுப்பவர்கள் முகத்துக்கு அளவு வைத்து, வெளிச்சக் கீற்று வெளுத்துப் போனால் போகட்டும் என்று விடுவார்கள். தெரியாதவர்களின் படத்தில் நகை மின்னும், ஆள் இருட்டாக இருப்பார்.

பிலிம் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்க லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைப் பெண்ணின் முகம். "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று பொருள். 1970-களிலும் 80-களிலும் குயின்ஸில் நடந்த தெற்காசியக் கல்யாணங்களின் கலர்ப் படங்கள் அந்தக் கணக்குப்படிதான் கழுவப்பட்டன. மாப்பிள்ளை முகம் ஏன் இவ்வளவு கறுப்பாக வந்திருக்கிறது என்று ஆல்பத்தைப் பார்த்துக் கவலைப்பட்ட அம்மாக்களுக்கு, தவறு மாப்பிள்ளையிடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

கேமராவைப் பிடித்தவர்கள்

குடியேறியவர்களை நியூயார்க் படமெடுப்பது பழைய வழக்கம். 1880-களின் இறுதியில் ஜேக்கப் ரீஸ், லோயர் ஈஸ்ட் சைடின் நெரிசல் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்து, மக்னீசியப் பொடியை வெடிக்கவிட்டு அந்த வெளிச்சத்தில் படமெடுத்தார். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்த முகங்கள் அவர் படங்களில் இருக்கின்றன. அந்தப் படங்களால் வீட்டுவசதிச் சட்டங்களில் சீர்திருத்தம் வந்தது உண்மை. படத்தில் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. இத்தனைக்கும் ரீஸே டென்மார்க்கிலிருந்து குடியேறியவர்.

தெற்காசியர் என்று வரும்போது மூன்று பேரின் பணி வேறுவேறு வழியைக் காட்டுகிறது.

சுனில் குப்தா டெல்லியில் பிறந்து பதின்ம வயதில் கனடாவுக்குப் போனவர். 1976-ல் நியூயார்க்கின் கிறிஸ்டோபர் தெருவில், ஓரினச் சேர்க்கையாளர்கள் பகல் வெளிச்சத்தில் தலை நிமிர்ந்து நடப்பதைப் படமெடுத்தார். ஒரு தெற்காசியர் கேமராவுக்கு முன்னால் இல்லாமல் பின்னால் நின்று அமெரிக்கத் தெருவைப் பார்த்தார் என்பதற்காகவே இந்தத் தொடர் முக்கியம். இந்தியர் என்றால் பார்க்கப்படுபவர் என்ற கணக்கு அங்கே தலைகீழானது.

கௌரி கில் சண்டிகரில் பிறந்தவர். 2000-க்கும் 2007-க்கும் இடையில் அமெரிக்காவின் பல ஊர்களில் இந்தியக் குடும்பங்களோடு பழகி எடுத்த தொடருக்கு "தி அமெரிக்கன்ஸ்" என்று பெயர் வைத்தார். சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ராபர்ட் ஃபிராங்க் 1950-களில் எடுத்த புகழ்பெற்ற தொகுப்பின் பெயரும் அதுவே. பெயரை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டார்: இவர்களும் அமெரிக்கர்கள்தான் என்று தலைப்பே வாதாடுகிறது.

மூன்றாமவர் கார்க்கி லீ. குயின்ஸில் பிறந்த சீன அமெரிக்கர். ஆசிய அமெரிக்கர்களின் போராட்டங்களையும் அன்றாடத்தையும் 50 ஆண்டுகளுக்கு அருகில் படமெடுத்து, 2021 ஜனவரியில் கோவிட்டால் இறந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சென்ட்ரல் பார்க்கில் நடந்த மெழுகுவர்த்தி அஞ்சலியில், அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு சீக்கியரை எடுத்த படம் அவருடையது. தலைப்பாகையைப் பார்த்தே சீக்கியர்கள் தாக்கப்பட்ட வாரங்கள் அவை. அரிசோனாவில் ஒரு சீக்கியர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இதெல்லாம் தெரியாவிட்டால் அந்தப் படம் வெறும் தேசபக்திப் படம். தெரிந்தால், போர்வையாக இருக்கும் அந்தக் கொடி கவசமாகத் தெரியும்.

ஃப்ரேமுக்குள் வராதது

தெருப் படத்தின் பெரிய குறை அதன் பெயரிலேயே இருக்கிறது. அது தெருவைத்தான் காட்டும்.

2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் மிச்ச மழை நியூயார்க்கில் கொட்டியது. நகரத்தில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் நிலத்தடி அறைகளில் நீரில் சிக்கியவர்கள். பெரும்பாலானவை குயின்ஸில் இருந்த வீடுகள். ஜாக்சன் ஹைட்ஸை ஒட்டிய உட்சைடில் சிறு குழந்தையோடு ஒரு நேபாளிக் குடும்பமே போய்விட்டது. அவர்கள் வாழ்ந்த தளம் எந்தத் தெருப் படத்திலும் இருக்க வழியில்லை. நடைபாதை மட்டத்தில் ஒரு சிறு ஜன்னல், அதுகூடச் செருப்புகளுக்கும் சக்கரங்களுக்கும் பின்னால்தான் தெரியும். மேலே வண்ண வண்ணப் பெயர்ப்பலகைகளை எடுக்கும் லென்ஸ் அந்த ஜன்னலுக்குக் குனிந்ததே அரிது.

அந்த ஜன்னலைத் தேடிப் பார்க்கப் பழகினால் படங்கள் வேறாகத் தெரியத் தொடங்கும். டாக்ஸி ஓட்டுநர் படமும் அப்படித்தான். மஞ்சள் காரும் தலைப்பாகையும் நல்ல வண்ணச் சேர்க்கை; அதில் தெரியாதது கடன். 2014 வாக்கில் டாக்ஸி உரிமத் தகடு ஒன்று 10 லட்சம் டாலருக்கு மேல் போனது. பிறகு ஊபர் போன்ற சேவைகள் பெருகி விலை சரிந்ததும், கடன் வாங்கி வாங்கியவர்கள் மூழ்கிப்போனார்கள். 2021-ல் ஓட்டுநர்கள் நகர மன்றத்தின் முன்னால் 15 நாள் உண்ணாவிரதம் இருந்து கடன் குறைப்பு பெற்றார்கள். அந்தப் போராட்டத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் அன்றைய சட்டமன்ற உறுப்பினர் மம்தானியும் ஒருவர்.

சட்டம் என்ன சொல்கிறது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கேட்காமல் எடுக்கலாமா? நியூயார்க்கில் சட்டப்படி எடுக்கலாம். இந்த நிலை வந்த வழி இது:

1. ஒரு இளம்பெண்ணின் படத்தை மாவு நிறுவனம் ஒன்று அவரைக் கேட்காமலே விளம்பரத்தில் போட்டு 25,000 பிரதிகள் அச்சிட்டது. "தனிமைக்கான உரிமை என்று எதுவும் நம் சட்டத்தில் இல்லை" என்று மாநில உயர் மன்றம் 1902-ல் அவர் வழக்கைத் தள்ளியது. மக்கள் கொதித்தார்கள்.

2. அதன் விளைவாக 1903-ல் புதுச் சட்டம் வந்தது. இன்று குடிமை உரிமைச் சட்டத்தின் 50, 51-வது பிரிவுகளாக இருப்பது அதுவே. எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒருவரின் பெயரையோ உருவத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது.

3. அப்படியானால் கலை? பிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக்காரர் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் பிளாஷ் விளக்குகளைக் கட்டி, வருவோர் போவோர் முகங்களைத் தூரத்திலிருந்து எடுத்தார். 2001-ல் கண்காட்சி வைத்தார். பிரதிகள் 20,000 முதல் 30,000 டாலர் வரை விலை போயின. அதில் ஒருவர் மத நம்பிக்கையுள்ள யூதப் பெரியவர். தன் உருவம் இப்படிப் பயன்படுவது தன் சமயத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார். இது கலை, விற்றாலும் கலைதான், பேச்சுரிமை இதைக் காக்கும் என்று 2006-ல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

4. மேல்முறையீட்டில் 2007-ல் உயர் மன்றம் வேறு காரணம் சொன்னது: படம் முதலில் வெளியாகி ஓராண்டுக்குள் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும். அவருக்குப் படம் பற்றித் தெரியவந்தது 2005-ல். அது கணக்கில் வராது.

நான்காவது புள்ளியை ஜாக்சன் ஹைட்ஸில் வைத்துப் பாருங்கள். 12 மணி நேரம் கார் ஓட்டுபவரோ சமையலறையில் நிற்பவரோ மன்ஹாட்டன் ஓவியக்கூடத்துக்குப் போய்த் தன் முகம் சுவரில் தொங்குகிறதா என்று ஓராண்டுக்குள் பார்க்கப் போவதில்லை. எழுத்தில் எல்லாருக்கும் பொதுவான உரிமை, அவருக்கு மட்டும் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கிறது.

இடத்தைப் பொறுத்த விதிகளும் உண்டு. நடைபாதை, பூங்கா, 2011-ல் வாகனங்களுக்கு மூடப்பட்டு உருவான டைவர்சிட்டி பிளாசா எல்லாம் பொது இடம். ரயில் நிலையத்தில் முக்காலியும் விளக்கும் இல்லாமல் எடுக்கலாம். கடை, மசூதி, குருத்வாரா, கோயில் உள்ளே அவரவர் சொல்வதே விதி. ஃபிளஷிங்கில் 1977-ல் குடமுழுக்கு கண்ட மகா வல்லப கணபதி கோயிலுக்கும் இது பொருந்தும். கானாடுகாத்தானில் பிறந்த அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பிய கோயில் அது. அதன் வாசலில் பௌன் தெருவில் நின்று எடுத்தால் ஒரு சட்டம், படியேறி உள்ளே போனால் வேறு.

சட்டம் கேட்காத கேள்வி

சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று: கலையா, வணிகமா? படத்தில் இருப்பவரின் கவலை பெரும்பாலும் வேறு: இந்தப் படம் யார் கையில் போய்ச் சேரும்?

இந்தக் கவலைக்கு வரலாறு இருக்கிறது. 2002-ல் "சிறப்புப் பதிவு" என்ற திட்டம் வந்தது. குறிப்பிட்ட 25 நாடுகளைச் சேர்ந்த, 16 வயதுக்கு மேற்பட்ட, க்ரீன் கார்டு இல்லாத ஆண்கள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தாங்களாகவே போய்க் கைரேகை பதிய வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பாகிஸ்தானும் வங்கதேசமும் பட்டியலில் இருந்தன. இந்தியா, நேபாளம், இலங்கை இல்லை. உள்நாட்டில் 80,000-க்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தல் நடவடிக்கை தொடங்கியது. சட்டத்தை மதித்துத் தாமாக வரிசையில் போய் நின்றவர்கள் அவர்கள். புரூக்ளினின் கோனி ஐலண்ட் அவென்யூவில் பாகிஸ்தானியர் கடைகள் ஆளின்றிக் கிடந்தன. பலர் கனடாவுக்குப் போனார்கள். 73-வது தெருவில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பேரில் ஒருவர் போய்ப் பதிய வேண்டும், மற்றவர் வேண்டாம். எந்த லென்ஸாலும் அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது.

2011-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் இன்னொன்றை வெளிக்கொண்டு வந்தது. நியூயார்க் காவல்துறையின் ஒரு பிரிவு, முஸ்லிம்கள் கூடும் கடைகள், டீக்கடைகள், மசூதிகளை வருடக்கணக்காக வேவு பார்த்துப் பட்டியலிட்டிருந்தது. பக்கத்து மாநிலமான நியூஜெர்சியின் நியூவார்க் நகரம் பற்றிய அதன் அறிக்கையில் மசூதிகளின் படங்கள் இருந்தன. தெருவில் நின்று, யாரையும் கேட்காமல், வாசலோடு சேர்த்து எடுத்த படங்கள். கலைஞர் எடுத்த படத்துக்கும் இதற்கும், படமாகப் பார்த்தால், வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். அந்தப் பிரிவு 2014-ல் கலைக்கப்பட்டது, நினைவு கலையவில்லை.

அடுத்தது கணினி. கிளியர்வியூ என்ற நிறுவனம் இணையத்தில் இருக்கும் முகங்களை 300 கோடி அளவில் அள்ளி, முகத்தைக் கொடுத்தால் ஆளைக் காட்டும் தேடுபொறி செய்து காவல்துறைகளுக்குக் கொடுத்து வந்தது 2020 ஜனவரியில் தெரியவந்தது. குடியேற்ற அமலாக்கத் துறையும் அதன் வாடிக்கையாளர். 2025-ல் அத்துறை அதிகாரிகள் கைப்பேசியிலேயே முகத்தைப் பிடித்து அடையாளம் பார்க்கும் செயலியைப் பயன்படுத்துவதும் செய்தியானது. இன்ஸ்டாகிராமில் 200 லைக் வாங்கிய ஒரு தெருப் படம், அதை எடுத்தவர் கனவிலும் நினைக்காத ஒரு கோப்பில் சேரக்கூடிய காலம் இது.

எல்லா மாநிலமும் ஒன்றல்ல. சிகாகோவின் டெவான் அவென்யூ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2008 முதல் உயிர் அடையாளத் தகவல் சட்டம் உண்டு. ஒருவர் முக அளவுகளைச் சம்மதமின்றி எடுத்தால் அவரே வழக்குப் போடலாம். அந்தச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்கில்தான், நாடு முழுவதும் பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்குத் தன் தரவுத்தளத்தை விற்க மாட்டேன் என்று கிளியர்வியூ 2022-ல் ஒப்புக்கொண்டது. நியூயார்க் மாநிலத்தில் அதற்கு இணையான சட்டம் இல்லை. அதே அரிசி, அதே பருப்பு விற்கும் இரண்டு தெருக்களில் முகத்துக்கு இருக்கும் பாதுகாப்பு வேறு.

கேமராவை வரவேற்பவர்களும் உண்டு. வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் தோசை வண்டி நடத்திப் புகழ்பெற்ற இலங்கைத் தமிழர் திரு குமாரை எடுக்காத சுற்றுலாப் பயணி குறைவு. 2007-ல் தெருவோர உணவுக்கான வெண்டி விருதை வென்றவர் அவர். படம் அவருக்கு வியாபாரம். அவரைப் போலவே எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்பார்கள் என்று நினைத்து ரூஸ்வெல்ட் அவென்யூவில், உரிமம் கிடைக்காமல் ஒளிந்து ஒளிந்து விற்கும் பழக்காரம்மாவின் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுவது கொடுமை. அனுமதிக்கும் சட்டம் இருக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

ஒரே ஃப்ரேம், ஐந்து ஆண்டுகள்

எடுத்துக்காட்டாக ஒரு படத்தைக் கற்பனை செய்துகொள்வோம். 74-வது தெருவும் ரூஸ்வெல்ட் அவென்யூவும் சந்திக்கும் முனை. நடுவயதுப் பெண். சல்வாருக்கு மேல் முழங்கால் வரை தடித்த குளிர் ஜாக்கெட், காலில் ஸ்னீக்கர். ஒரு கையில் கம்பி வண்டி, அதில் 20 பவுண்ட் அரிசி மூட்டை. முகத்தில் பாதி வெயில் கீற்று, பாதி நிழல். படக்குறிப்பில் ஆண்டு மட்டும் மாறுகிறது.

1. 1978 என்றால், அவர் இந்தத் தெருவில் குடியிருப்பவராக இல்லாமல் இருக்கலாம். கணவரோ அவரோ 1965 சட்டத்தின் வழியில் வந்தவர். அரிசியை ஏற்றும் கார் ஓரமாக எங்கோ நிற்கிறது.

2. 1999 என்றால், கம்பி வண்டி முக்கியம். காரில்லாமல் நடந்து போகும் தூரத்தில் வீடு. குலுக்கல் விசா குடும்பமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது.

3. 2002 டிசம்பர் என்றால், அவருடைய நாடு எது என்பது திடீரென்று வாழ்வா சாவா கேள்வி. வீட்டில் 16 வயது தாண்டிய மகன் இருக்கலாம். படத்தில் அது இல்லை.

4. 2020 ஏப்ரல் என்றால், முகத்தில் மாஸ்க் இருக்கும், தெரு காலி. பக்கத்து எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை அந்த வாரங்களில் நாட்டின் கோவிட் மையமாக இருந்தது. அந்த மூட்டை ஒருவேளை அடுத்த வீட்டுக்கும் சேர்த்து வாங்கியதாக இருக்கலாம்.

5. 2025 என்றால், பொறுப்புள்ள புகைப்படக்காரர் அவர் கடந்து போகும்வரை காத்திருந்து, பின்னாலிருந்து எடுத்திருப்பார். ஜாக்கெட்டின் முதுகு, கம்பி வண்டியின் சக்கரம், அதைப் பிடித்திருக்கும் கை, தரையில் விழும் தண்டவாள நிழல். இடக்குறிப்பை அழித்து, சில மாதம் கழித்தே வெளியிட்டிருப்பார். முகத்தோடுதான் வேண்டும் என்றால் கேமராவை இறக்கிவிட்டு அருகில் போய், "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா, எங்கே போடுவேன் என்றும் சொல்கிறேன்" என்று அவர் மொழியில் கேட்டிருப்பார். இந்தியிலோ வங்காளத்திலோ நேபாளியிலோ, எதில் கேட்பது என்று தெரிந்துகொள்ளவே அந்தத் தெருவில் சில வாரம் நடக்க வேண்டியிருந்திருக்கும்.